சாரம் அவிழ்ந்தது யாருக்கு

என் கணவரைக் கடலில் போட்டது நீங்கள்தான், விதானையார். கடல் அவரைத் தொடவேயில்லை. சுனாமியாகக் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழுகாமத்து வயல் வட்டையில், முழங்கால் சேற்றில் நின்று புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இரண்டரை வருடம் எங்களோடு இருந்தார். சோறு தின்றார், என்னோடு சண்டை பிடித்தார், இரண்டாவது பிள்ளைக்குத் தகப்பனானார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினீர்கள்.

வெளியூர் ஆட்களுக்காக இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கிராம சேவகரை இன்னும் விதானையார் என்றுதான் கூப்பிடுவோம். மற்றதெல்லாம் தானாக விளங்கும். நான் எழுதப்போவது என் பிள்ளைகள் செய்த பகிடிகளைப் பற்றி. நீங்கள் எல்லாப் பகிடியிலும் வந்து நிற்கிறீர்கள், விதானையார். அது என் குற்றம் இல்லை.

கடல் என் தங்கச்சியை எடுத்தது. அவளுக்கு எழுதிய மரணப் பத்திரம் உண்மை, அதில் எனக்குக் கேள்வி இல்லை. கடல் என் வீட்டையும் எடுத்தது. என் வீடு என்று தெரிந்துதான் சொல்கிறேன். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குக் கொடுப்பாள், கட்டுகிறவர் வந்து அதில் இருப்பார். என் கணவர் ஒரு தகரப்பெட்டியோடும் ஒரு வீச்சு வலையோடும் என் வீட்டுக்கு வந்த மனிதர். கோபம் வந்தால் நான் அவரை "பெட்டியத் தூக்கிற்றுப் போங்க" என்பேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் படலை வரைக்கும் போய், "இதுக்குள்ள ஒண்டும் இல்லகா, பாரமில்லாமக் கிடக்கு" என்று திரும்பி வருவார்.

எல்லாம் போன பிறகு பள்ளிக்கூட வளவில் தறப்பாள் சீலை போர்த்த ஒரு கொட்டில் தந்தார்கள். மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளுக்கு ஒரு விசர் பிடித்தது. எங்கள் பக்கத்து வளவில் தென்னையில் கட்டியிருந்த ஆடு ஒன்று கயிற்றோடு தொங்கிக்கொண்டு உயிரோடு இருந்தது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். பிள்ளை அதைப் பார்த்துவிட்டாள். அதிலிருந்து அவளுடைய முடிவு, கட்டி வைத்ததைக் கடல் கொண்டுபோகாது என்பது. நிவாரண வாளியைக் கட்டினாள். கரண்டியைக் கட்டினாள். மத்தியானம் நான் கண் அயர்ந்த நேரம் என் பின்னலைக் கொட்டில் கம்போடு கட்டிவிட்டாள். நான் எழும்பப் போய்க் கொட்டில் ஒரு பக்கம் சரிந்தது. பக்கத்துக் கொட்டில்காரர்கள் இன்னொரு தரம் கடல் வருகிறதென்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடினவர்கள் திரும்பி வந்து என்னை ஏசின ஏச்சை இங்கே எழுத முடியாது.

அந்தக் கிழமைதான் நீங்கள் பட்டியல் எழுத வந்தீர்கள். என் கணவர் வாசலில் இருந்து வலையில் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார். உங்களைக் கண்டதும் மரியாதைக்கு எழும்பினார். அவர் எழும்பினார், இடுப்பில் கட்டியிருந்த சாரம் எழும்பவில்லை. பிள்ளை அதைத் தன் தலை ரிப்பனால் கம்பில் கட்டியிருந்தாள். நிவாரண மூட்டையில் வந்த, மஞ்சள் வாத்துப் படம் போட்ட ஒரு கட்டைக் கால்சட்டையோடு அவர் உங்கள் முன்னால் நின்றார். உள்ளுக்குப் போட அன்றைக்கு அவருக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பில் உங்கள் பேனா மணலில் விழுந்தது. அதை எடுத்துத் தந்ததும் அவர்தான், வாத்தோடு குனிந்து. "குடும்பத் தலைவர் ஆரு தங்கச்சி, இவரா, வாத்தா?" என்று கேட்டீர்கள். கடல் வந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தரம். வெட்கத்தோடு சிரித்தேன். என் தங்கச்சியை நினைத்து அன்று பின்னேரம் அழுதேன். ஆனால் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கினதும் மறுகா நான் சொன்னேன்: "ஐயா, வளவு என்ட பேரில. தலைவர் எண்டு என்னப் போடுங்க."

"அந்தக் கோடு ஆம்பிளைக்கு உள்ள கோடு தங்கச்சி. உரிமையாளர் இரிக்கக்குள்ள உங்கள எப்பிடிப் போடுற?"

உரிமையாளராம்! தகரப்பெட்டியோடு வந்தவர் நீங்கள் நிரப்பிய பாரத்தில் என் வீட்டுக்கு உரிமையாளரானார். அவருக்கே அது பகிடி. அன்றிரவு சோற்றுக் கோப்பையை நீட்டி, "தலைவருக்கு இன்னும் ஒரு அகப்பை போடுகா" என்றார். அந்தக் கோட்டில் எழுதின பெயர் எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

நாங்கள் வளவுக்குத் திரும்பி வந்து கொட்டில் போட்டிருந்த காலம், கடல் வந்து பதினான்கு மாதம் கழித்து மகன் பிறந்தான். மகளுக்கு அதற்குள் உலகத்தில் எல்லாச் சாமானும் வரிசையில்தான் வருகிறது என்று நிச்சயமாகிவிட்டது. வாளி வரிசையில் வந்தது, பாய் வரிசையில் வந்தது, பால்மா வரிசையில் வந்தது. தம்பியைப் பார்த்துவிட்டுத் தகப்பனிடம் கேட்டாள்:

"இவன எந்த லைன்ல எடுத்தீங்க?"

"ஆசுபத்திரி லைன்ல."

"இவன் கத்துறான். குடுத்திற்று வேற ஒண்டு எடுப்பம்."

"ஏலா மகள். நிவாரணக் காட்டில வெட்டிற்றாங்க."

அவள் குடும்ப அட்டையை எடுத்து எந்த இடத்தில் வெட்டியிருக்கிறது என்று தேடினாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். பிறப்புப் பதிவுக்குப் போனதும் அவர்தான். தகப்பன் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தார். அவருடைய கையெழுத்து நண்டு ஊர்ந்தது போல இருக்கும், வேறு ஒருவரும் அப்படிப் போட முடியாது. அந்தப் பத்திரம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

மகனுக்கு ஒன்றரை வயது. சண்டை எங்கள் பக்கம் ஓய்ந்து வடக்கே போய்விட்டது, இனிப் பயமில்லை என்று எல்லோரும் சொன்ன காலம். ஒரு காலை பத்து மணி போல மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் படலையில் வந்து நின்றார்கள். ஒரு சின்ன விசாரணை, பின்னேரம் விட்டுவிடுவோம் என்றார்கள். யார் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் இடுப்பில் இருந்த மகனை என்னிடம் தந்தார். மகன் அவருடைய சட்டைப் பொத்தானை விடவில்லை. பொத்தான் கையோடு வந்துவிட்டது. "சோத்த மூடி வை, வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூடி வைத்தேன். மூன்றாம் நாள் அது புளித்துப் போனது. அன்றுதான் உங்களிடம் வந்தேன். "ரெண்டு நாள் பாப்பம் தங்கச்சி, வந்திருவார்" என்றீர்கள். நான் பார்த்த இடங்கள், நின்ற வாசல்கள், கேட்ட பதில்கள் எல்லாம் எழுதினால் ஒரு புத்தகம் போதாது. ஒரு இடத்திலும் அவர் பெயர் இல்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். நிவாரண வரிசையில் நிற்க முடியாதவர்கள் தங்கள் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். கல்லை யாரும் தாண்டக்கூடாது, அது சட்டம். தகப்பனைக் கொண்டுபோன கிழமை மகள் வளவிலிருந்து ஒரு கல்லைக் கழுவிக் கொண்டுவந்து, சாப்பிடும் இடத்தில் அவருடைய மூலையில் வைத்தாள். "அப்பாட இடம். ஆரும் இரிக்கப்படாது" என்றாள். நான் எடுக்கவில்லை. எடுக்கக் கை வரவில்லை.

மகன் அந்தக் கல்லோடுதான் வளர்ந்தான். தகப்பனுடைய முகம் அவனுக்கு ஞாபகமில்லை, கல் ஞாபகம். பேச்சு வந்ததும் கல்லோடு பறையத் தொடங்கினான். "அப்பா, அங்கால தள்ளி இரிங்க." ஒருநாள் அக்காவின் கோப்பையில் இருந்த மீன் துண்டைக் காணவில்லை. அவள் கத்தினாள். இவன் வாயெல்லாம் குழம்போடு கல்லைக் காட்டினான்: "அப்பா திண்டிட்டார்." எனக்கு அன்றைக்கு என்ன பிடித்ததோ, நான் கல்லைப் பார்த்து ஏசினேன். "புள்ளைட மீனத் திண்டிற்று ஒண்டும் தெரியாத மாதிரி இரிக்கிறீங்களே, வெக்கமில்லையா? எங்க போய்க் கிடந்திற்று இப்ப மீனுக்கு வந்தீங்க?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா பகிடி விடுகிறாள் என்று நினைத்தார்கள். நான் நிறுத்தவில்லை. பிறகு மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போய் அடுப்பை ஊதினேன், அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவர்கள் விளையாடும் விளையாட்டும் அப்படித்தான். மகள் நிவாரணம் கொடுக்கிற ஐயா. தம்பி கோழிகளை வரிசையில் விடவேண்டும். கோழி வரிசையில் நிற்குமா? "ஒங்கட தலைவர் ஆரு?" என்று பேட்டுக்கோழியைக் கேட்பாள். தம்பி பதில் சொல்வான், "தலைவர் ஓடிற்றார்." "அப்ப சாமான் இல்ல. அடுத்த கோழி!" அந்த விளையாட்டை எங்கே பார்த்துப் பழகினாள் என்று நினைக்கிறீர்கள்? என் சேலையைப் பிடித்துக்கொண்டு உங்கள் மேசைக்கு முன்னால் நின்றுதான்.

வீதிச் சோதனைச் சென்றியில் எங்களை பஸ்ஸிலிருந்து இறக்கித் தடவிப் பார்ப்பார்கள். மகன் அதை வணக்கம் போல ஒரு மரியாதை என்று நினைத்துவிட்டான். வீட்டுக்கு யார் வந்தாலும் இரண்டு கையையும் தூக்கச் சொல்லி இடுப்பைத் தடவுவான். தபால்காரர் பாவம், ஒவ்வொரு தடவையும் கை தூக்குவார். ஒருநாள் சென்றியிலேயே, தன்னைத் தடவின ஆமிக்காரனுடைய காலைப் பிடித்து இவன் தடவத் தொடங்கினான். அந்தப் பொடியன் துவக்கை ஒரு பக்கம் சரித்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். "போங்க" என்றான் இவன். அவன் போனான், இரண்டு எட்டு. சுற்றிவர நின்ற சனமெல்லாம் சிரித்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வீடு வரும்வரை இறக்கவில்லை.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன். ஒளிக்கமாட்டேன்.

புது வீடு கட்டி முடிந்தது. என் வளவில், என் அத்திவாரத்துக்கு மேலேதான் கட்டினார்கள். ஆனால் கடதாசியில் குடும்பத் தலைவர் அவர். தலைவர் வந்து கையெழுத்து வைத்தால்தான் வீடு என்றார்கள். தலைவரைக் கொண்டுபோய்விட்டார்களே என்றேன். நீங்கள்தான், "நான் ஒரு வழி செய்யிறன் தங்கச்சி" என்று கந்தோருக்கு வரச்சொன்னீர்கள். நான் மகனையும் தூக்கிக்கொண்டு வந்தேன். நான்கு பாரம் மேசையில் வைத்தீர்கள். அதற்குள் அவன் உங்கள் மைப்பெட்டியில் கையை வைத்துவிட்டான். நீல மை. என் கன்னத்தில் ஒரு கை, உங்கள் வெள்ளைச் சேட்டில் ஒரு கை, சுவரில் தொங்கிய கலண்டரில் ஒரு கை. நீங்கள் "ஐயோ சேட்டு, சேட்டு!" என்று கத்திக்கொண்டே "இதில வைங்க, இதில, இதில, இதில" என்றீர்கள். ஒரு கையில் துள்ளுகிற பிள்ளை, ஒரு கையில் பேனா. நான் வாசிக்கவில்லை. கடல் வந்த பிறகு நாங்கள் எல்லோரும் வாசிக்காமல் கையெழுத்து வைக்கப் பழகிவிட்டோம். வாளிக்கு ஒன்று, பாய்க்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று. வாசிக்க நின்றால் பின்னால் நிற்கிறவர்கள் ஏசுவார்கள். அன்றைக்குப் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. அப்போதும் வாசிக்கவில்லை. வழியெல்லாம் பிள்ளையின் நீலக் கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அடிக்கவேண்டும் போல இருக்கிறது.

பிறகு சண்டை முடிந்ததென்று சொன்னார்கள். சந்தியில் வெடி கொளுத்தினார்கள். சென்றியில் பாற்சோறு கொடுத்தார்கள். மகன் சித்திரை வருசம் திரும்பி வந்துவிட்டதென்று நினைத்துப் புதுச்சட்டை கேட்டான். வாங்கின பாற்சோற்றைத் தின்றுவிட்டு, "அப்பாக்கும் தாங்க" என்று இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டு வந்து கல்லின் மேல் வைத்தான். எறும்பு மொய்த்தது. மகள் வேறு மாதிரி. அவளுக்கு எட்டு வயது, விளக்கம் வந்துவிட்டது. "சண்டை முடிஞ்சா அப்பாவ விடுவாங்கதானே?" என்று ஒருதரம் கேட்டாள். தன் தலையைத் தானே இழுத்துப் பின்னி, பள்ளிக்கூட உடுப்புப் போட்டு, தம்பிக்கு முகம் கழுவி, இரண்டு பேரும் படலையில் நின்றார்கள். பின்னேரம் வரைக்கும். அடுத்த நாளும். மூன்றாம் நாள் தம்பி, "அக்கா, கல்ல வெச்சிற்று விளையாடப் போவமா?" என்றான். அவள் அவனுக்கு அடித்தாள். அவன் திருப்பி அடித்தான். இரண்டு பேரும் மண்ணில் உருண்டார்கள். நான் பிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குச் சில கிழமை கழித்து வீட்டுக் கடதாசி வந்தது. அதோடு சேர்த்து இன்னொன்றும் வந்தது. மகள் இப்போது கடைப் பலகை, சவர்க்கார உறை, எது கிடைத்தாலும் உரத்து வாசிக்கிற பிள்ளை. இதையும் வாசித்தாள். தகப்பனுடைய பெயரை வாசித்தாள். இறந்த திகதியை வாசித்தாள், கடல் வந்த நாள். இறந்த காரணம், கடல்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா செத்து ஒரு வருசத்துக்குப் பிறகா இவன் பிறந்த?"

"இல்ல."

"அப்பிடித்தான் போட்டிரிக்கு. அப்ப ஆசுபத்திரி லைன்ல இவன எடுத்த ஆரு?"

மகன் இடையில் விழுந்தான். "என்னக் கடல் தந்த!" அவனுக்குப் பெரிய சந்தோசம். ஊர் முழுக்க எல்லாரிடமும் கடல் ஏதோ ஒன்றை எடுத்திருக்கிறது. இவனை மட்டும் தந்திருக்கிறது. கடையடிக்கு ஓடிப்போய் நின்ற ஆட்களுக்கெல்லாம் சொன்னான். "என்ட அப்பா கடல்ல செத்துப்போய், மறுகாதான் நான் வந்த!" எல்லோரும் சிரித்தார்கள். கடைக்கார மனுசி சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள், "அப்ப இவனுக்குத் தகப்பன் ஆருகா?" பகிடிக்குத்தான் கேட்டாள். இரண்டு நாளில் அது பகிடியாக இல்லை. கிணற்றடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது. அவன் நாளைக்கு வளர்ந்து பள்ளிக்கூடம் போவான். அங்கேயும் கேட்பார்கள்.

நான் கடதாசியோடு உங்களிடம் வந்தேன். நீங்கள் கதிரை தந்தீர்கள், தேத்தண்ணி தந்தீர்கள். சத்தமில்லாமல் சொன்னீர்கள்:

"உங்கட நல்லதுக்குத்தான் செஞ்ச தங்கச்சி. ஆக்கள் கொண்டுபோன எண்டு போட்டா ஆயிரம் கேள்வி வரும். ஆரு கொண்டுபோன, ஏன் கொண்டுபோன, நீங்க ஆரட ஆள். கடலெண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க. கடல்ல செத்தவங்களுக்கு உள்ள பழைய பாரம் மேசை லாச்சிக்குள்ள கிடந்திச்சு. உங்களுக்கு வீடு கிடைச்சிற்றுத்தானே?"

"அப்ப என்ட மகன்?"

"சின்னப் புள்ளதானே, அதையெல்லாம் ஆரு பாக்கப் போறாங்க?"

கிடைத்தது. என் வீடு எனக்கே கிடைத்தது. அதற்கு என் கணவர் கடலில் சாகவேண்டி வந்தது. இந்தக் கடதாசிப்படி அவரைக் கொண்டுபோன இரண்டு பேரும் ஒருவரையும் கொண்டுபோகவில்லை. நான் இனி எந்த வாசலில் போய்க் கேட்டாலும் இந்தக் கடதாசியைக் காட்டி, "அவர் அப்பவே செத்திட்டாரே" என்பார்கள். நீங்கள் கெட்ட மனிதர் இல்லை என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அது தேவையில்லை.

நேற்று மகன் கல்லுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து கேட்டான், "அம்மா, அப்பா கடல்ல செத்திட்டா இந்தக் கல்ல எடுக்கோணுமா?" மகள் அடுப்படியில் இருந்து கத்தினாள், "தொட்டா கைய முறிப்பன்!" அவன் கையை எடுத்துவிட்டு, கல்லிடம் மெதுவாக, "அக்கா ஏசுறா, நீங்க இரிங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாதம் பள்ளிக்கூட மண்டபத்தில், கந்தோரெல்லாம் ஊருக்கே வருகிற நடமாடும் சேவை நடக்கும். பெரிய ஐயாமார் வருவார்கள், நீங்கள் மேசை போட்டு இருப்பீர்கள், ஊர்ச்சனம் முழுக்க வரிசையில் நிற்கும். நானும் வருவேன். ஒரு கையில் நீங்கள் எழுதிய மரணப் பத்திரம், மற்றக் கையில் என் கணவர் தகப்பன் என்று கையெழுத்து வைத்த மகனுடைய பிறப்புப் பத்திரம். பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் நிற்கும். கதிரை தரவேண்டாம். தேத்தண்ணி வேண்டாம். என் காதுக்குள் ஒன்றும் சொல்லவேண்டாம்.

கடல் வந்து ஒரு கிழமைக்குப் பிறகு, இதே பள்ளிக்கூட வளவில், என் கொட்டில் வாசலில், உங்கள் முன்னால் சாரம் அவிழ்ந்து, வாத்துப் போட்ட கால்சட்டையோடு நின்ற மனிதர் யார்? மணலில் விழுந்த உங்கள் பேனாவைக் குனிந்து எடுத்துத் தந்தது யாருடைய கை? கதிரையை விட்டு எழும்பி, என் பிள்ளைகளுக்கும் ஊருக்கும் கேட்க, அவருடைய பெயரைச் சொல்லுங்கள், விதானையார்.